ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய ஆயில் கூலர்: காற்றிலிருந்து தொடங்குங்கள்

எந்த ஆயில் கூலர் வாங்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது உங்கள் ஆயில் எத்தனை டிகிரியில் ஓடுகிறது? பெரும்பாலும் பதில் வராது. 'நிறையச் சூடாகிறது' என்பார்கள். டாஷ்போர்டில் இருக்கும் வெப்பமுள் கூலன்ட்டின் கதையைச் சொல்கிறதே தவிர ஆயிலின் கதையைச் சொல்வதில்லை. அந்த முள் நடுவில் ஆடாமல் அசையாமல் நிற்கும்போதே ஆயில் 130 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஆகவே கூலருக்கு முன்பாக ஆயில் வெப்ப கேஜ் ஒன்றையும் அழுத்த கேஜ் ஒன்றையும் வாங்குங்கள். அந்த இரண்டும் இல்லாமல் செய்யும் எந்த மேம்பாடும் குருடன் குறிபார்த்த கதைதான்.

என் கார் இரண்டாம் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. 1.8 லிட்டர் எஞ்சின், பிறகு பூட்டிய டர்போ. சாலையில் ஓட்டும்போது ஆயில் 95 டிகிரியில் சாதுவாக இருக்கும். அதையே பந்தயத் தளத்தில் இருபது நிமிடம் விரட்டினால் 132-ஐத் தொட்டு, அதற்கு மேலும் ஏறிக்கொண்டிருந்தது. இன்று அதே தளத்தில், அதே வெயிலில், 108-இல் போய் நிற்கிறது. இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். காரும் எஞ்சினும் வேறாக இருந்தாலும் வேலை ஏறக்குறைய இதேதான்.

சென்சார் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் இருந்தால், எஞ்சினுக்குள் சுற்றிவிட்டுக் கீழே விழுந்து கலந்த ஆயிலைக் காட்டும். கூலரைத் தாண்டி வரும் பாதையில் இருந்தால் குளிர்ந்த ஆயிலைக் காட்டும். அப்படிப்பட்ட சென்சார் நல்ல செய்தியை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு சென்சார்தான் வைக்க முடியும் என்றால் என் ஓட்டு சம்ப்புக்கு. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். அன்றைய காற்றின் வெப்பத்தையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். 20 டிகிரிக் காலையில் கிடைத்த 105-ஐ 38 டிகிரி மதியத்தில் கிடைத்த 118-உடன் ஒப்பிட்டு வருந்துவதில் பொருளில்லை. ஆயில் வெப்பத்திலிருந்து காற்றின் வெப்பத்தைக் கழித்துப் பாருங்கள்: முதலாவதில் 85, இரண்டாவதில் 80. மதியத்தில்தான் கூலர் நன்றாக வேலை செய்திருக்கிறது.

எத்தனை டிகிரி வேண்டும்

குளிர்ச்சி கூடக்கூட நல்லது என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். ஆயில் 80 டிகிரிக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால் அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் சரியாக ஆவியாகி வெளியேறாது. ஆயில் கெட்டியாக இருப்பதால் பம்ப் இழுக்கும் சக்தியும் வீண். 90 முதல் 110 வரை வசதியான இடம். தளத்தில் 120 வரை போய் அங்கேயே நின்றால் நல்ல செயற்கை ஆயில் தாங்கும். 130-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அந்தச் சுற்றோடு ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்றால், பாகுத்தன்மையிலிருந்து. டப்பாவில் 30 என்று போட்டிருக்கும் ஆயில் 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரை இருக்க வேண்டும் என்பது தர விதி. 100 டிகிரியில் பத்தரை சென்டிஸ்டோக் உள்ள 5டபிள்யூ-30 ஆயிலை 130-க்குச் சூடாக்கினால் அது கிட்டத்தட்ட 6-க்கு இறங்கிவிடும். கிராங்க் பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் அந்த அளவுக்கு மெலிகிறது. அழுத்த கேஜ் இதைக் கண்ணுக்குக் காட்டும்: முதல் சுற்றில் 60 பிஎஸ்ஐ காட்டிய அதே 6000 ஆர்பிஎம்மில், பத்தாவது சுற்றில் 48 காட்டும். ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. புதிய எஞ்சின்கள் சிலவற்றில் பம்ப்பின் அழுத்தத்தையே கணினி கூட்டிக் குறைப்பதால் அந்தக் கணக்கு அவற்றுக்கு அப்படியே பொருந்தாது. மற்றவற்றுக்கு இன்றும் கைகொடுக்கிறது. இன்னொன்று: வெப்பம் பத்து டிகிரி கூடும்போதெல்லாம் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

பணம் செலவழிக்கும் முன் இலவசமான வழி ஒன்றும் உண்டு. ஆயில் வெப்பத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஆர்பிஎம். சிவப்புக் கோட்டுக்கு 500 ஆர்பிஎம் முன்பாகவே கியரை மாற்றிப் பழகினால் சில டிகிரி தானாக இறங்கும். நேரத்தில் இழப்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. பெட்டியில் வந்து இறங்கும் பொருளில் இருக்கும் இன்பம் இதில் இல்லை.

கூலரைத் தேர்ந்தெடுப்பது

பல கார்களில் ஆயில் ஃபில்டரின் அடியில் வட்டமான சிறிய வெப்பப் பரிமாற்றி ஒன்று தொழிற்சாலையிலிருந்தே வரும். கூலன்ட் அதன் வழியாக ஓடும். கேலி செய்பவர்கள் உண்டு. நான் அதைக் கழற்றுவதில்லை. காலையில் கூலன்ட் முதலில் சூடாகி ஆயிலைச் சீக்கிரம் சூடாக்குகிறது. பிறகு ஆயிலிடமிருந்து கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அதன் எல்லை என்னவென்றால், வாங்கிய வெப்பத்தை ரேடியேட்டரிடம்தான் கொடுக்க முடியும். ரேடியேட்டர் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால் அங்கே இடமில்லை. அந்த நிலையில்தான் காற்றால் குளிரும் தனிக் கூலர் தேவைப்படுகிறது.

எவ்வளவு பெரிதாக வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஆயில் கூலர் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிலின் வெப்பக் கொள்ளளவு தண்ணீருடையதில் பாதிதான். அந்த ஆயில் உள்ளே போய் வெளியே வருவதற்குள் 10 டிகிரி குறைந்தால், காற்றுக்குப் போகும் வெப்பம் சுமார் 9 கிலோவாட். பெரிய அறை ஹீட்டர்கள் நான்கைந்தை ஒன்றாகப் போட்டதற்குச் சமம். இவ்வளவு வெப்பத்தை ஒரு புத்தகம் அளவேயுள்ள அலுமினியத் துண்டு வெளியேற்ற வேண்டும் என்றால், அதன் வழியாகக் காற்று உண்மையிலேயே ஓட வேண்டும்.

அடுக்குத் தட்டுக் கூலர்கள் 13, 19, 25, 34 என்று, உள்ளிருக்கும் தட்டுகளின் வரிசைக் கணக்கில் விற்கப்படுகின்றன. இரண்டு லிட்டருக்கு உட்பட்ட, டர்போ இல்லாத எஞ்சினுக்கு 19 வரிசை பெரும்பாலும் போதும். டர்போ இருந்தால் 25. அதற்கு மேலே போகும் முன் அந்தக் கூலருக்குப் பின்னால் காற்று வெளியேற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வைத்த 34 வரிசையை, நல்ல காற்று கிடைக்கும் 19 வரிசை தோற்கடிப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பழைய கூலரை மறுவிற்பனையில் வாங்காதீர்கள். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனமில்லை. கூலர்கள் கழற்றப்படுவதற்கு ஒரு முக்கியக் காரணம், அவை இருந்த எஞ்சின் போனது. பேரிங் உதிர்ந்த எஞ்சினின் உலோகத் துகள்கள் கூலரின் உட்புறத் தகடுகளுக்குள் புகுந்து தங்கிவிடும். எத்தனை முறை கழுவினாலும் எல்லாம் வெளியே வந்ததற்கு உத்தரவாதமில்லை. உங்கள் எஞ்சினே அப்படிப் போயிருந்தால், புதிய எஞ்சினோடு புதிய கூலரும் புதிய ஹோஸ்களும் வாங்கத்தான் வேண்டும்.

காற்று உள்ளே, காற்று வெளியே

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காற்று சோம்பேறி. கூலரின் ஃபின்களுக்கு நடுவே நெருக்கியடித்துப் போவதைவிட, பக்கத்தில் விரலளவு இடைவெளி இருந்தால் அதன் வழியே போய்விடும். பம்பரின் வாய்க்குள் கூலரை இரண்டு பட்டைகளில் தொங்கவிட்டு, சுற்றிலும் வெட்டவெளியாக விட்டிருக்கும் கார்களை எத்தனையோ பார்க்கிறேன். அந்தக் கார் 150 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் வாய்க்குள் நுழையும் காற்றில் பெரும்பகுதி விழலுக்கு இறைத்த நீர்தான்.

இடம் என்று பார்த்தால் மூன்று வாய்ப்புகள். முதலாவது ரேடியேட்டருக்கு முன்னால். பூட்டுவது எளிது, ஹோஸ்கள் குட்டை, காற்றும் நிறைய. ஆனால் ஆயிலிடமிருந்து சூடேறிய காற்று நேராக ரேடியேட்டருக்குள் போகிறது. கூலன்ட் வெப்பத்தில் உங்களுக்குக் கையிருப்பு இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இரண்டாவது, சக்கர வளைவுக்கு முன்னால், பம்பரின் ஓரத்தில். காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய போர்ஷே 911 கார்களில் முன்பக்கக் கூலர் வலது சக்கர வளைவுக்குள்தான் இருக்கும். எஞ்சின் பின்னால், கூலர் முன்னால், இடையில் கார் நீளத்துக்குக் குழாய்கள். அவ்வளவு தூரம் குழாய் இழுத்தாலும் பரவாயில்லை, காற்று கிடைக்கும் இடத்தில் வை என்று அவர்கள் முடிவு செய்தார்கள். மூன்றாவது, பின்பக்கத்திலோ காரின் அடியிலோ விசிறியோடு வைப்பது. வேறு வழியில்லாதபோது மட்டும்.

நான் பம்பரின் ஓரத்தைத் தேர்ந்தெடுத்தேன். டர்போவுக்குப் பிறகு என் ரேடியேட்டருக்கு மிச்சம் வைக்க எதுவும் இல்லை. முதலில் அட்டையில் மாதிரி செய்யுங்கள். பழைய அட்டைப் பெட்டியும் ஒட்டுநாடாவும் போதும். பம்பரில் காற்று நுழையும் திறப்பிலிருந்து கூலரின் முகம் வரை ஒரு கூம்புக் குழாய் வர வேண்டும். திறப்பின் பரப்பு கூலரின் முகப் பரப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் போதும். வாய் அகலமாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. சிறிய வாயில் நுழைந்த காற்று, மெல்ல விரியும் குழாயில் வேகம் குறைந்து, அழுத்தம் கூடி, கூலரின் முழு முகத்தையும் ஒரே சீராகத் தள்ளும். குழாய் திடீரென்று விரிந்தால் காற்று சுவரைவிட்டுப் பிரிந்து நடுவில் மட்டும் பாயும், ஓரங்கள் சும்மா கிடக்கும். இடம் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு நீளமாக, மெதுவாக விரியட்டும்.

அட்டை மாதிரி பொருந்திய பிறகு அதை ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டுக்கு மாற்றுங்கள். தகடும் கூலரும் சேரும் விளிம்பில் மூடிய துளையுள்ள நுரைப்பட்டை ஒட்டி இடைவெளியை அடைக்க வேண்டும். அடைத்த பிறகு ஒரு சோதனை: இருட்டில் கூலருக்குப் பின்னால் டார்ச் விளக்கை வைத்து, பம்பரின் வாய் வழியாகப் பாருங்கள். ஃபின்களுக்கு நடுவே மட்டும் ஒளி வர வேண்டும். வேறெங்காவது ஒளிக்கீற்று தெரிந்தால் காற்றும் அந்த வழியாகவே போகும்.

வெளியேறும் பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே வந்த காற்று வெளியே போனால்தான் அடுத்த காற்று உள்ளே வரும். சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறையில், கூலருக்கு நேர்பின்னால், சாய்ந்த இதழ்களோடு திறப்பு வெட்டுங்கள். அதன் பரப்பு உள்வாயைவிடப் பெரிதாக இருக்கட்டும். சூடான காற்றுக்கு அதிக இடம் வேண்டும். வெட்டுவதற்கு முன் ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, சஸ்பென்ஷனை அழுத்தி, டயர் எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உறை டயர் வீசும் கல்லிலிருந்து கூலரைக் காப்பாற்றுகிறது என்பதால் முழுவதுமாகக் கழற்றி எறிய வேண்டாம். முன்வாயிலும் ஒரு கம்பி வலை போடுங்கள்.

இதனால் என்ன கிடைத்தது என்று கேட்டால்: ஒரே கூலர், ஒரே இடம், குழாயும் வெளிவாயும் இல்லாமல் 119 டிகிரி. அவற்றைச் செய்த பிறகு 108. தகட்டுக்கும் நுரைக்கும் ஆன செலவு கூலரின் விலையில் ஒரு சிறு பங்கு.

மரைகளும் ஹோஸ்களும்

ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் ஒன்று வரும். பம்ப்பிலிருந்து வரும் ஆயிலை அது கூலருக்கு அனுப்பி, திரும்பி வருவதை ஃபில்டருக்குள் விடுகிறது. ஃபில்டர் கடைசியில் இருப்பது நல்லதே. கூலரில் ஏதேனும் தூசு இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது ஆயில் கெட்டியாக இருந்தால், ஃபில்டரின் பக்கவழி வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலை உள்ளே விட்டுவிடக்கூடும். ஃபில்டர் இருக்கிறதே என்று சுத்தத்தில் அசட்டையாக இருக்க முடியாது.

ஆயில் சூடான பிறகே கூலருக்கு முழுதாக வழிவிடும் தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட்டையே வாங்குங்கள். பொதுவாக 80 டிகிரியை ஒட்டித் திறக்கும். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயில் கூலருக்குள் கசிந்து போய்க்கொண்டிருக்கும்; அது குறையன்று. கூலருக்குள் இருக்கும் ஆயில் முற்றிலும் உறைந்தாற்போல் கிடந்து திடீரென்று எஞ்சினுக்குள் பாயாமல் இருக்க அது உதவுகிறது. தளத்துக்கு மட்டுமே போகும் கார், ஓட்டுவதற்கு முன் பொறுமையாகச் சூடேற்றுவேன் என்றால் தெர்மோஸ்டாட் இல்லாமலும் சமாளிக்கலாம். சாலையில் ஓடும் காருக்கு அது கட்டாயம்.

என் காரின் ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கை நுழைய மறுக்கும் இடத்தில் இருக்கிறது. அதன் மரை எம்20, பிட்ச் 1.5: அதாவது 20 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர். உங்களுடையதைக் கையேட்டில் பார்த்துவிட்டு மரை அளவியை வைத்தும் உறுதி செய்யுங்கள். காரணம் சொல்கிறேன். முக்கால் அங்குல, அங்குலத்துக்கு 16 மரை உள்ள தண்டு 19 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். எம்20 ஃபில்டர் அதன்மேல் ஏறிவிடும், இறுகியது போலவும் இருக்கும். அழுத்தம் வந்ததும் கழன்று பறந்துவிடும். கூலர் பக்கத்தில் இதற்கு எதிர்மாறான வில்லங்கம். எம்22, பிட்ச் 1.5 என்பதும், ஏஎன்-10 ஃபிட்டிங்கின் (ஏஎன் என்பது ஹோஸ் இணைப்புகளின் அளவு முறை, கீழே வருகிறது) எட்டில் ஏழு அங்குல மரையும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்: ஒன்று 22 மில்லிமீட்டர், மற்றது 22.2. ஒன்றுக்குள் ஒன்று ஓரிரு சுற்றுக் கையால் போகும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனரை எடுத்தால் அலுமினிய மரை போய்விடும். எந்த மரையும் பாதிக்கு மேல் கையால் சுலபமாகப் போகவில்லை என்றால் அது உங்கள் மரையே இல்லை.

ஹோஸ் அளவில் ஏஎன் எண் என்பது குழாயின் வெளிவிட்டம், அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. ஏஎன்-8 அரை அங்குலம், ஏஎன்-10 எட்டில் ஐந்து அங்குலம். தளத்துக்குப் போகும் காருக்கு ஏஎன்-10 போடுங்கள். குறுகிய ஹோஸும் கூர்மையாக மடங்கும் ஃபிட்டிங்குகளும் அழுத்தத்தைத் தின்கின்றன. 90 டிகிரி திருப்பம் தேவைப்பட்டால் கட்டியில் துளையிட்டுச் செய்ததைவிட, வளைத்த குழாயால் ஆனதை வாங்குங்கள்.

எஃகுப் பின்னல் போட்ட ஹோஸை வெட்டித் தலைப்பூட்டுவது கைப்பழக்கம் கேட்கும் வேலை. வெட்டும் இடத்தில் ஒட்டுநாடாவை மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றி, மெல்லிய வெட்டுச் சக்கரத்தால் நேர்க்கோணத்தில் வெட்டுங்கள். நாடா இல்லாவிட்டால் பின்னல் துடைப்பம்போல் விரிந்து, ஒவ்வொரு இழையும் விரலைக் குத்தும். வெட்டிய முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துக் கரைப்பானால் கழுவி, காற்றடித்து, துணித் துண்டை உள்ளே செலுத்தி இழுத்துவிடுங்கள். கறுப்புத் தூள் வராத வரைக்கும் இது தொடர வேண்டும். பிறகு ஹோஸை ஃபிட்டிங்கின் பின்துண்டுக்குள் திருகியபடி தள்ளி, உள்மரை தொடங்கும் இடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பாக நிறுத்துங்கள். ஹோஸ் பின்துண்டைவிட்டு வெளிவரும் இடத்தில் சுற்றிலும் நாடா ஒட்டி அடையாளம் வையுங்கள். முன்துண்டின் மரையிலும் மூக்கிலும் ஆயில் தடவி இறுக்குங்கள். இறுக்கும்போது ஹோஸ் பின்னோக்கி நகர்ந்தால் அடையாள நாடாவுக்கும் பின்துண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தால் கழற்றி முதலிலிருந்து செய்யுங்கள். அழுத்தத்தில் அது பிடுங்கிக்கொண்டு வந்தால் எஞ்சினின் ஆயில் முழுவதும் சூடான எக்சாஸ்ட்டின் மேல் கொட்டும்.

ஏஎன் ஃபிட்டிங்கில் அடைப்பு தருவது 37 டிகிரிச் சரிவில் உலோகத்தோடு உலோகம் உட்காருவது. அங்கே டெஃப்லான் நாடா சுற்றாதீர்கள். அதன் பிசிறு ஒன்று கிழிந்து உள்ளே போனால் ஆயில் துளையை அடைக்கப் போதுமானது. ஓ-ரிங் உள்ள இடத்திலும் நாடா வேண்டாம். ஓ-ரிங்கில் ஒரு சொட்டு ஆயில் தடவினால் போதும்.

பூட்டும் வரிசை

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது காரைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கழற்றி, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது அங்கேயே இருக்க, மேலே சாண்ட்விச் பிளேட்டை வைத்து இறுக்கினால் முதல் இயக்கத்திலேயே ஆயில் பீய்ச்சியடிக்கும். பிளேட்டின் வாய்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, ஹோஸ் ஸ்டீயரிங் தண்டிலோ எக்சாஸ்ட்டிலோ உரசாமல் போகுமா என்று பார்த்துவிட்டு, நடு போல்ட்டைத் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள்.

கூலரை நான்கு ரப்பர் புஷ்களில் உட்கார வையுங்கள். நேராகச் சட்டத்தில் போல்ட் போட்டால் அதிர்வில் மூலைகள் விரிசல் விடும். வாய்கள் மேலே பார்க்கும்படியோ, பக்கவாட்டில் வைத்தால் வெளியேறும் வாய் உயரத்தில் இருக்கும்படியோ வைத்தால் காற்றுக்குமிழ் தங்காது. ஹோஸை இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்று கூலரின் வாயிலுள்ள அறுகோணத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றது ஹோஸின் நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பேனரால் திருப்பினால் அந்த மெல்லிய அலுமினிய வாய் தன் வேரிலிருந்தே முறுக்கி விரிசல் விடும், பெரும்பாலும் சத்தமே இல்லாமல். அந்த விரிசல் உங்களுக்குத் தெரியவருவது தளத்தில்தான்.

எஃகுப் பின்னல் ஹோஸ் அரம்போல வேலை செய்யும். அது தொடும் எதையும், ஏசி குழாயையும் மின்கம்பியையும் சட்டத்தின் விளிம்பையும், நாளடைவில் அறுத்துவிடும். ஒரு சாண் இடைவெளிக்கு ஒருமுறை ரப்பர் உள்ள கிளாம்ப் போட்டுப் பிடித்து, தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வையுங்கள். எஞ்சின் தன் மவுண்ட்டில் ஆடும் என்பதால் எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவே ஹோஸ் கொஞ்சம் தொய்வோடு இருக்கட்டும்.

முதல் இயக்கம்

கூலரையும் ஹோஸ்களையும் காலியாக வைத்து எஞ்சினை இயக்காதீர்கள். பம்ப் அவற்றை நிரப்பும் வரை பேரிங்குகள் பட்டினி கிடக்கும். கடைசி ஹோஸை இணைக்கும் முன் கூலருக்குள் ஆயிலை அளந்து ஊற்றுங்கள். ஏஎன்-10 ஹோஸ் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் பிடிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று மீட்டர் என்றால் ஹோஸ் மட்டுமே அரை லிட்டரை நெருங்கும். இந்த மொத்தத்தைக் குறித்து வையுங்கள்.

எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாக, இடையில் ஓய்வு கொடுத்து, அழுத்த கேஜ் அசையும் வரை சுழற்றுங்கள். பிறகு ஃபியூஸைப் போட்டு இயக்கி, ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றுங்கள். அவசரத்தில் அதிகமாக ஊற்றினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயில் சூடான ஆயிலைவிடப் பெரிய ஆபத்து.

தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்பதைச் சாலையில் மெதுவாக ஓட்டித் தெரிந்துகொள்ளலாம். ஆயில் 70-இல் இருக்கும்போது கூலர் ஏறக்குறைய காற்றின் வெப்பத்திலேயே இருக்க வேண்டும். 85-ஐத் தாண்டிய பிறகு சூடாக வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருந்தால், பளபளக்கும் உலோகத்தை நேராக அளக்காதீர்கள், அது பொய் சொல்லும். ஹோஸின் முனையிலும் கூலரின் வாயிலும் கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டி, அந்த நாடாவை அளந்தால் நம்பத்தக்க எண் கிடைக்கும்.

தளத்தில் முதல் ஓட்டம் ஐந்து சுற்றுக்கு மேல் வேண்டாம். உள்ளே வந்து, பானெட்டைத் திறந்து, இணைப்புகளைப் பாருங்கள். வெள்ளைக் காகிதத்தால் ஒவ்வொன்றையும் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் பழுப்பாகப் பதியும். அடுத்த ஓட்டத்தில் வெப்பம் ஓரிடத்தில் போய் நிற்கிறதா என்று கவனியுங்கள். உச்ச எண்ணைவிட அது நிற்கிறதா என்பதே பெரிய கேள்வி. 115-இல் நின்ற கார் நாள் முழுக்க ஓடும். 112-இல் இருந்து இன்னும் ஏறும் கார் ஓடாது. நிற்கவில்லை என்றால் அடுத்த பெரிய கூலரைத் தேடும் முன் வெளிவாயைப் பாருங்கள். கம்பளி நூல் துண்டுகளைச் சக்கர வளைவின் திறப்பில் ஒட்டி, பக்கத்தில் சிறிய கேமரா ஒன்றைப் பூட்டி ஓட்டுங்கள். நூல் வெளியே பறந்தால் காற்று போகிறது. உள்ளே ஒட்டிக்கொண்டு துடித்தால் அங்கே அழுத்தம் எதிராக இருக்கிறது, திறப்பின் இடத்தையோ இதழ்களின் சாய்வையோ மாற்ற வேண்டும்.

குளிர்காலத்தில் ஆயில் 80-ஐ எட்டவே சிரமப்பட்டால் பம்பரின் வாயில் பாதியை அலுமினிய நாடாவால் மூடுங்கள். ஆயில் மாற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: சம்ப்பை வடித்தாலும் கூலரிலும் ஹோஸ்களிலும் இருக்கும் பழைய ஆயில் அங்கேயேதான் இருக்கும். அதையும் சேர்த்து மாற்ற விரும்பினால் கூலரின் கீழ் இணைப்பைக் கழற்ற வேண்டும். நான் அப்படிச் செய்வதில்லை, மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்கிறேன். ஃபின்களில் வளைந்தவற்றைப் பல்குத்தும் குச்சியால் நிமிர்த்தி, சிக்கிய பூச்சிகளைப் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உயர் அழுத்தக் குழாயை அருகில் கொண்டுபோனால் ஃபின்கள் மடங்கிவிடும்.